பின்னால் நிற்கும் வசதி

"இதுல முதுகுக்குப் பின்னாடி போய் நிக்க முடியுமாடா?" என்று கேட்டார் கணக்கு டீச்சர்.

தம்பி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு தொண்டைத் தண்ணீர் வற்ற அவன் விளக்கியிருந்தான். வெள்ளைப் பலகை வரும், விரலாலேயே எழுதலாம், கை தூக்குவதற்குப் பொத்தான் உண்டு, வகுப்பை நாலு அறையாகப் பிரிக்கலாம், பரீட்சை வைத்தால் அதுவே திருத்திக்கொள்ளும். இத்தனையும் கேட்டுவிட்டு அக்காவுக்கு வந்த ஒரே சந்தேகம் இதுதான்.

"யார் முதுகுக்குப் பின்னாடி?"

"படிக்கிறவங்க முதுகுக்குப் பின்னாடிதான். உன் முதுகுக்குப் பின்னாடி நின்னு நான் என்ன பண்ணப்போறேன்?"

"அக்கா, இது ஆன்லைன். இதுல யாருக்கும் முதுகே கிடையாது. முகம் மட்டும்தான்."

"அப்ப இது வேணாம். வேற காட்டு" என்று டீச்சர் எழுந்து, கொடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

தம்பிக்குச் சுருக்கென்றது. அவன் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். எந்தப் பொருளையும் அதிலிருக்கும் பொத்தான்களைக் கொண்டுதான் மதிப்பான். பத்துப் பொத்தான் இருந்தால் பிடிக்கும், இருபது இருந்தால் காதலே வந்துவிடும். இப்போது காட்டியதில் அதற்கும் மேலே இருந்தது. அதைப் போய் ஒருத்தர் துணி மடித்துக்கொண்டே வேண்டாம் என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆனால் டீச்சர் விளையாட்டுக்காகக் கேட்கவில்லை. அவர் பாடம் எடுக்கும் டியூஷன் சென்டரின் மாடியை ஒரு பல் டாக்டர் வாடகைக்கு எடுத்துக்கொண்டார். கீழ்த்தளம் பள்ளிப் பிள்ளைகளுக்கே பற்றாது. அதனால் மாலையில் மாடியில் நடந்துவந்த பெரியவர்கள் வகுப்பை ஆன்லைனுக்கு மாற்றிவிடலாம் என்று சென்டர் முதலாளி முடிவெடுத்துவிட்டார். அதுவரை சரி. அதோடு சேர்த்து அவர் சொன்ன இன்னொன்றுதான் டீச்சருக்குக் கவலையாகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை ஒரு டெமோ கிளாஸ் எடுங்க டீச்சர், நானும் உள்ள வந்து பாக்குறேன். சரியா அமைஞ்சா நீங்களே நடத்துங்க. இல்லேன்னா ரெடிமேடா வீடியோப் பாடம் இருக்கு, அதை வாங்கிக் குடுத்துடலாம். அவங்களும் நேரம் கிடைக்கிறப்ப பாத்துக்குவாங்க."

பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது டீச்சருக்குத் தெரியும். அந்த வீடியோவை அவரும் பார்த்திருந்தார். அதில் வரும் இளைஞர் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் எதிரில் இருப்பவர் எங்கே தடுக்கி விழுந்தார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். டீச்சரிடம் படிப்பவர்கள் எல்லோரும் பாதியில் பள்ளியை விட்டுவிட்டு, இந்த வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வந்திருப்பவர்கள். லாரி டிரைவருக்குக் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆக வேண்டும். பியூட்டி பார்லர் வைத்திருக்கும் அம்மாவுக்கு, ஒன்பதாவது படிக்கும் மகள் கணக்கில் சந்தேகம் கேட்டால் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொள்ளாமல் இருக்க வேண்டும். பேக்கரிக்காரர் எதற்காகப் படிக்கிறார் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. இன்னும் சிலரும் உண்டு. எல்லோரும் ஏற்கெனவே ஒரு தடவை படிப்பை விட்டவர்கள். இரண்டாம் தடவை விடுவது இன்னும் சுலபம், சத்தமே வராது. அந்தப் பயம் டீச்சரைத் தூங்கவிடவில்லை.

பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் பேந்தப் பேந்த விழிக்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். பெரியவர்கள் அப்படியில்லை. கடன்காரனுக்கும் மேலதிகாரிக்கும் காட்டிக் காட்டிப் பழகிய முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு "புரியுது டீச்சர்" என்பார்கள். பேக்கரிக்காரர் அதில் மன்னன். டீச்சர் கேள்வியை முடிக்கும் முன்பே "புரியுது டீச்சர்" வந்துவிடும். அதனால் டீச்சர் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். கணக்கைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, பெஞ்சுகளுக்குப் பின்னால் போய்விடுவார். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று, தோளுக்கு மேலாகத் தாளைப் பார்ப்பார். முகம் பொய் சொன்னாலும் பேனா சொல்லாது. தப்பு விழுந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு விரலால் மேஜையை லேசாகத் தட்டுவார், அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. தட்டு வாங்கியவர் திருத்திக்கொள்வார், மானம் மரியாதைக்கு ஒரு குறைவும் வராது.

இந்தத் தட்டு எந்த மென்பொருளில் கிடைக்கும்? அதைத்தான் டீச்சர் கேட்டார்.

"அப்படி ஒரு வசதி உலகத்துலேயே கிடையாதுக்கா" என்றான் தம்பி.

"இத்தனை பேர் ராப்பகலா உக்காந்து செஞ்சிருக்காங்க, ஒருத்தருக்குக்கூடவா தோணல?"

தம்பி விடுகிற ஆள் இல்லை. மறுநாளே முதல் மென்பொருளோடு வந்தான். ஒத்திகைக்கு மாணவர் வேண்டுமே. டீச்சரின் வீட்டுக்காரரைப் படுக்கையறையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை தெளிவாகக் காரணமானவர். கணக்கு என்று வந்துவிட்டால் அவருக்கே எல்லாம் மங்கலாகிவிடும். "மக்கு மாணவன் மாதிரி நடிங்க மாமா" என்று தம்பி கேட்டுக்கொண்டான். நடிக்கும் சிரமம் அவருக்கு ஏற்படவில்லை.

அந்த மென்பொருளில் எதைத் தொட்டாலும் ஏதாவது ஒன்று பறந்தது. சரியான விடைக்குப் பலூன், வகுப்புக்கு வந்ததற்கு நட்சத்திரம், கட்டை விரலைக் காட்டினால் கைதட்டல். வீட்டுக்காரர் ஒரு தப்பான விடையைப் போட்டார். "முயற்சி செய்ததற்குப் பாராட்டு" என்று திரை முழுக்க வண்ணக் காகிதம் கொட்டியது. அவர் நெகிழ்ந்தே போனார்.

"பள்ளிக்கூடத்துல எனக்கு ஒருத்தரும் இப்படிச் செஞ்சதில்ல. இதையே வாங்கிடுங்க."

"நீங்க போட்டது தப்புங்க."

"அது எனக்கும் தெரியும். ஆனா எவ்வளவு மரியாதையா சொல்லுது பாரு."

அதற்குள் அவர் கை தூக்கும் பொத்தானை அழுத்திவிட்டார். இறக்கத் தெரியவில்லை. திரையில் வந்த மஞ்சள் கை கடைசிவரை தூக்கியபடியே நின்றது. பக்கத்து அறையிலிருந்து டீச்சரின் குரல் ஒரு தடவை நேராகவும் ஒரு தடவை லேப்டாப் வழியாகவும் வந்ததில் வீடே கொய்ங் கொய்ங் என்று எதிரொலித்தது. வீட்டுக்காரர் அதற்குச் "சர்க்கஸ்" என்று பெயர் வைத்தார். சர்க்கஸை மூட்டை கட்டினார்கள்.

இரண்டாவது மென்பொருளின் மேல் தம்பிக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. பெரிய பெரிய கம்பெனிகள் பயிற்சிக்கு வைத்துக்கொள்வது, விலையும் அதற்கேற்றாற்போல. சோதித்துப் பார்க்க ஒரு வாரம் சும்மா தருகிறார்கள். யார் வந்தார்கள், யார் கவனிக்கிறார்கள், யார் வேறெங்கோ பார்க்கிறார்கள் என்பதை முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுமாம். "நீ பின்னாடி நிக்கவே வேணாம், இது நிக்கும்" என்றான் தம்பி. இந்தத் தடவை உண்மையான மாணவர்களையே கூப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

அன்று மாலை வகுப்பு தொடங்கியதும் திரையில் வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள். ஒருத்தரும் கேமராவைப் போடவில்லை.

"முகத்தைக் காட்டுங்க, இல்லேன்னா ஆப்சென்ட் போட்டுடும்" என்று தம்பி பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"டீச்சர், நான் வண்டியில பனியனோட இருக்கேன்" என்றார் டிரைவர். "பின்னாடி கிளீனர் வேற படுத்திருக்கான்."

"எனக்கு இங்க ஒரு கஸ்டமர் தலையில சாயம் காஞ்சிட்டிருக்கு" என்றார் பார்லர் அம்மா. "நான் பத்தாவது படிக்கிறது அவங்களுக்குத் தெரிய வேணாம் டீச்சர். ஊரெல்லாம் சொல்லிடுவாங்க."

கெஞ்சிக் கூத்தாடி ஒவ்வொருவராக முகத்தைக் காட்டவைத்தார்கள். டீச்சர் ஒரு கணக்கைக் கொடுத்தார். எல்லோரும் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். உடனே எல்லாக் கட்டங்களையும் சுற்றிச் சிவப்புக் கோடு விழுந்தது, பீப் பீப் என்று சத்தம் வந்தது. மாணவர்களின் கவனம் சிதறுகிறது என்று அந்த மென்பொருள் எச்சரித்தது. தாளைப் பார்த்தால் குற்றம், திரையையே முறைத்துக்கொண்டிருந்தால் நல்ல பிள்ளை. கணக்கை யாராவது ஆகாயத்தைப் பார்த்தா போடுவார்கள்?

சத்தத்துக்குப் பயந்து எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சிவப்புக் கோடுகள் மறைந்தன. வகுப்பு மிக நன்றாகக் கவனிக்கிறது என்று பச்சை எழுத்தில் வந்தது.

"புரிஞ்சுதா?" என்றார் டீச்சர், வேறு வழி தெரியாமல்.

"புரியுது டீச்சர்" என்றார் பேக்கரிக்காரர் முதல் ஆளாக. மற்றவர்களும் ஒத்து ஊதினார்கள்.

தம்பியின் முகம் தொங்கிவிட்டது. மெதுவாக, "எழுதினதை போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லலாமே" என்றான்.

"சுத்தமா வேற தாள்ல எழுதி, பக்கத்து ஆள்கிட்ட கேட்டுத் திருத்தித்தான் அனுப்புவாங்க. தப்பு சூடா இருக்கும்போது புடிக்கணும்டா. ஆறிப்போனப்புறம் அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டாவதற்குப் "போலீஸ் ஸ்டேஷன்" என்று வீட்டுக்காரர் சூட்டிய பெயரைக் கேட்டுக்கூடச் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் தேநீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றார் டீச்சர். "இவங்களை அந்த வீடியோகிட்ட விட்டா ஒருத்தரும் தேற மாட்டாங்க. அதுலயும் அந்த பேக்கரிக்காரர் வாயைத் திறந்து கேக்கவே மாட்டார். அப்படியே போயிடுவார்."

வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொல்ல வராது. கண்ணாடிக் கடையில் வருகிறவர்களிடம், இது சரியில்லை என்றால் அடுத்ததைப் போட்டுப் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லியே பழகியவர். அதையே இங்கேயும் சொன்னார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குன்னு உன் தம்பி சொன்னானே. நாளைக்குக் கடையிலேர்ந்தே நான் வரேன். என்னை வெச்சு அதையும் போட்டுப் பாரு."

அந்த மூன்றாவது, தம்பி மனசில்லாமல் பட்டியலின் அடியில் எழுதி வைத்திருந்தது. காசு கிடையாது, வசதியும் கிடையாது. கேமராவில் எது தெரிகிறதோ அதை அப்படியே கட்டம் கட்டமாகக் காட்டும். பேசலாம். எல்லோருக்குமோ ஒருவருக்கு மட்டுமோ இரண்டு வரி எழுதி அனுப்பலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. "மொட்டைச் சுவர்" என்று அதற்குப் பெயர் வைத்தவன் தம்பியே.

மறுநாள் மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வீட்டுக்காரர் இணைந்தார். போனை ஒரு கண்ணாடிக் கூட்டின் மேல் சாய்த்துவைத்திருந்தார். டீச்சர் கணக்கைச் சொன்னார். அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு மைனஸ், உள்ளேயும் ஒரு மைனஸ். வழக்கமாக எல்லோரும் கவிழும் இடம். வீட்டுக்காரர் "ம், ம்" என்று எழுத ஆரம்பித்தார். அப்போது யாரோ கடைக்கதவைத் திறந்தார்கள். மேஜை ஆடியது. போன் மெல்ல முன்பக்கமாகச் சரிந்து கூட்டின் விளிம்பில் தொங்கி நின்றது. திரையிலிருந்து அவர் முகம் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு தாளும், அதன் மேல் அவருடைய கையும், கையில் பென்சிலும் தெரிந்தன.

அவர் அதைக் கவனிக்கவில்லை. பென்சில் இரண்டாவது வரிக்கு வந்தது. தயங்கியது. உள்ளே இருந்த மைனஸை அப்படியே மைனஸாக வெளியே இழுத்துப் போட்டது.

டீச்சரின் விரல் சாப்பாட்டு மேஜையைத் தானாகத் தட்டியது.

"அடேயப்பா" என்றார் மெதுவாக. "டேய், இங்க வா. இங்க வந்து பாருடா."

"போன் விழுந்திருக்குக்கா. மாமா, போனை நேரா வைங்க" என்று தம்பி திரையைப் பார்த்துக் கத்தினான்.

"ஏங்க, அதைத் தொடாதீங்க" என்று டீச்சர் அதைவிடப் பெரிதாகக் கத்தினார். "அப்படியே இருக்கட்டும். நீங்க எழுதுங்க. நான் உங்க பின்னாடிதான் நிக்கிறேன்."

வீட்டுக்காரர் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்ததை, கண்ணாடி வாங்க வந்தவர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

தம்பி கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தான். கையைத்தானே பார்க்க வேண்டும், அதைப் போலீஸ் ஸ்டேஷனிலேயே பார்க்கலாமே என்று தன் போனைத் தாளை நோக்கிக் கவிழ்த்தான். "இங்கே மனிதர் யாரும் இல்லை" என்றது அது. ஆப்சென்ட் போட்டது. அதோடு விடாமல், முகத்தைத் தவிர மற்றதெல்லாம் பின்னணி என்று எண்ணிக்கொண்டு தாளையும் எழுத்தையும் புகைமூட்டமாக மங்கலாக்கியது. மொட்டைச் சுவருக்கோ அந்த அளவுக்கு அறிவு போதாது. முகமா கையா என்று அதற்கு வித்தியாசமே தெரியவில்லை. தெரிந்ததைக் காட்டியது.

"இதுல ஒண்ணுமே இல்லையே அக்கா" என்றான் தம்பி, அழாத குறையாக.

"அதான்டா வேணும். ஒண்ணும் குறுக்க வராது."

தட்டுக்கும் வழி கிடைத்தது. ஒருவருக்கு மட்டும் போகும்படி இரண்டு வார்த்தை எழுதி அனுப்பினால் போதும். அவர் திரையில் மட்டும் விழும், பக்கத்து ஆளுக்குத் தெரியாது. "இரண்டாவது வரி" என்று எழுதி வீட்டுக்காரருக்கு அனுப்பிப் பார்த்தார். கடையில் பென்சில் நின்றது, யோசித்தது, மைனஸின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு அதைப் பிளஸ் ஆக்கியது. டீச்சர் எழுந்து போய்த் தம்பியின் தலைமுடியைக் கலைத்துவிட்டு வந்தார். நாற்பது வயதுக்காரன் என்ற நினைப்பெல்லாம் அவருக்கு எப்போதும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முகத்தைக் காட்ட வேண்டாம், கையைக் காட்டினால் போதும் என்று டீச்சர் முன்னாலேயே எல்லோருக்கும் சொல்லியிருந்தார். ஒருவர் பாக்கியில்லாமல் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். டிரைவர் லாரியின் உட்கூரைக் கொக்கியில் போனைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்தார். பார்லர் அம்மா தலைமுடி உலர்த்தும் ஸ்டாண்டில் மாட்டியிருந்தார். பேக்கரிக்காரர் இரண்டு மாவு டின்களுக்கு மேலே குறுக்காக ஒரு தட்டைப் போட்டு, அதன் விளிம்பில் கேமரா வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்திருந்தார். அவர் விரல் ஓரங்களில் மாவு ஒட்டியிருந்தது. திரை முழுக்கக் கைகள். பனியனைப் பற்றியோ தலைச்சாயத்தைப் பற்றியோ யாருக்கும் கவலையில்லை. டிரைவர் மெல்ல விசிலடித்துக்கொண்டுகூட இருந்தார்.

முதலாளி தன் அலுவலகத்திலிருந்து வந்தார். அவர் கேமராவைப் போடவில்லை. ஒரு கறுப்புக் கட்டமாக மூலையில் இருந்தார்.

"டீச்சர், யாரையுமே காணோமே. கேமராவுல ஏதாவது கோளாறா?"

"இல்ல சார், எல்லாரும் வந்தாச்சு. கை தெரியுதுல்ல."

"கை தெரியுது. ஆளு?"

"ஆளு எங்க சார் போகப்போறாங்க? கையோடதான் இருப்பாங்க."

முதலாளி "ம்ஹூம்" என்றார். அது நல்ல "ம்ஹூம்" இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி நகத்தைக் கடித்தான். டீச்சர் மைனஸ் கணக்கையே கொடுத்தார். சுலபமான ஒன்றைக் கொடுத்து முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கலாம், தம்பியும் அதைத்தான் சொல்லியிருந்தான். டீச்சருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. யார் எங்கே விழுகிறார்கள் என்று பார்க்கும் ஆசைதான் இருந்தது.

கைகள் எழுத ஆரம்பித்தன. பார்லர் அம்மா வேகமாகப் போனார். டிரைவர் ஒவ்வொரு எண்ணையும் பெட்டியில் அடுக்குவதைப்போல எழுதினார். பேக்கரிக்காரரின் கை முதல் வரியை அழகாக எழுதியது. இரண்டாவது வரியில், டீச்சர் எதிர்பார்த்த அதே இடத்தில் தப்பாகத் திரும்பியது. டீச்சர் குனிந்து, "இரண்டாவது வரியை இன்னொரு தடவை பாருங்க" என்று தட்டச்சு செய்து அனுப்பினார்.

தம்பி நகத்தைக் கடிப்பதை நிறுத்தினான். "அக்கா" என்றான், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதைப்போல. "எல்லாருக்கும் அனுப்பிட்ட."

பதற்றத்தில் பெயரைத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டார். திரையில் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் நின்றன. இரண்டு நொடி அப்படியே நின்றன. அப்புறம் அத்தனை கையும் சொல்லிவைத்தாற்போல இரண்டாவது வரிக்குப் போயின. யாருக்குச் சொன்னது என்று யாருக்கும் தெரியாது, அதனால் ஒவ்வொருவரும் தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார். பார்லர் அம்மா அழிரப்பரை எடுத்து அழித்தார், அவருடையதும் தப்பு. சரியாகவே போட்டிருந்த டிரைவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, அதை அடித்துத் தப்பாக்கி வைத்தார். டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மூலையில் இருந்த கறுப்புக் கட்டம் தொண்டையைக் கனைத்தது.

"டீச்சர்" என்றார் முதலாளி. "அது எனக்கு அனுப்பினதா?"

"சார்?"

"இல்ல, நான் கேமராவே போடல. அப்புறம் எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு? சும்மா உக்காந்திருக்கோமேன்னு நானும் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ரெண்டாவது வரியில என்ன தப்பு? சரியாத்தானே இருக்கு?"

லாரிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. "சார், நானும் அங்கதான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன்" என்றார் டிரைவர். பார்லர் அம்மா சிரித்த சிரிப்பில் ஸ்டாண்டே ஆடியது. டீச்சருக்கும் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.

சிரிப்பு அடங்கும்போது, பேக்கரிக்காரரின் கை பென்சிலைக் கீழே வைத்திருப்பதை டீச்சர் பார்த்தார். அந்தக் கை தாளின் மேல் சும்மா விரிந்து கிடந்தது.

"டீச்சர்" என்றது அவர் குரல். "எனக்குப் புரியல."

டீச்சரின் சிரிப்பு நின்றது. சரியாகத்தான் கேட்டோமா என்று தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அவனோ வேறு கவலையில் இருந்தான். "முதலாளி கேட்டுட்டிருக்காருக்கா" என்று காதோடு முணுமுணுத்தான். "புரியலைங்கிறார். டெமோவுல போய் இப்படிச் சொல்றாரே. அப்புறம் பாக்கலாம்னு சொல்லி முடிச்சுடு."

டீச்சர் அவன் முழங்கையைத் தள்ளிவிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதர் இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மாட்டாரா என்று எத்தனை மாலைகள் அந்த மாடியில் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருப்பார். டெமோ போனால் போகட்டும் என்று அந்த நிமிஷம் உண்மையாகவே நினைத்தார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார். "எங்கேர்ந்து புரியல, சொல்லுங்க."

"அடைப்புக்குறி வந்ததுலேர்ந்து."

"இந்தக் கணக்குலயா?"

"இல்ல டீச்சர்" என்றார் பேக்கரிக்காரர். "போன வருஷத்துலேர்ந்து."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மற்றக் கைகளும் பென்சிலைக் கீழே வைத்தன. கறுப்புக் கட்டத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மூலையில் வெளிச்சம் வந்தது. ஒரு மேஜை, ஒரு தாள், மோதிரம் போட்ட ஒரு பெரிய கை.

"வீடியோ வேணாம்னு நாளைக்குச் சொல்லிடுறேன் டீச்சர்" என்றார் முதலாளி. "இதே நேரம், இதே மாதிரி நீங்களே நடத்துங்க. இப்ப அவருக்குச் சொல்லுங்க, நானும் கொஞ்ச நேரம் இருக்கேன்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"எல்லாரும் இந்தக் கணக்கை ஓரமா வைங்க" என்றார். "போன வருஷத்துலேர்ந்தே ஆரம்பிப்போம்."